மாற்று வேட்பாளரின் சம்சாரம்

என் வீட்டுக்காரர் சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று முறை மனுத் தாக்கல் செய்தவர். மூன்று முறையும் அவருடைய மனு தள்ளுபடி ஆனது. மூன்று முறையும் கட்சிக்காரர்கள் அதற்குக் கைதட்டினார்கள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

விஷயம் இதுதான். ஒரு தொகுதிக்குக் கட்சி ஓர் ஆளை நிறுத்தும்போது, கூடவே இன்னோர் ஆளையும் மனுப் போட வைக்கும். அசல் ஆளின் மனுவில் ஏதாவது கோளாறு என்று அதிகாரி தள்ளிவிட்டால் கட்சி அம்போ என்று நிற்கக் கூடாதே, அதற்காக. அவருக்கு மாற்று வேட்பாளர் என்று பெயர். அசல் மனுவை ஏற்றுக்கொண்ட உடனே மாற்று மனு செல்லாமல் போய்விடும். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. புது வேட்டி உண்டு, மாலை உண்டு, பக்கத்திலேயே நிற்கலாம். தாலி மட்டும் கைக்கு வராது.

எங்களுக்கு மதுரை சிம்மக்கல்லில் சாக்கு, கயிறு, தார்ப்பாய் வியாபாரம். கடை அவருடைய அப்பா வைத்தது. பெயருக்குத்தான் அவர் முதலாளி. கட்சி வேலை அவர் பார்த்தார், கடை வேலை நான் பார்த்தேன். நான் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டில் பிறந்தவள். காலையில் எழுந்தால் வேலை, வேலை முடிந்தால் தூக்கம் என்று வளர்ந்த எனக்கு, ஒருத்தர் நாள் முழுக்க இன்னொருத்தர் பின்னால் நடந்துவிட்டு வந்து "இன்னைக்குச் செம வேலை" என்று காலை நீட்டிப் படுப்பது முதலில் புரியவே இல்லை. பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகாது?

அவர் யார் பின்னால் நடந்தார் என்றால், எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. பின்னால். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னாலும் ஒன்றுதான். ஊரே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே சொல்கிறேன். ஒவ்வொரு தேர்தலிலும் அவரே நின்றார். ஜெயித்தும் இருக்கிறார், ஒரு தடவை தோற்றும் இருக்கிறார். தோற்ற பிறகும் அடுத்த முறை அவருக்குத்தான் கொடுத்தார்கள்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அப்பா இறந்தபோது கொடிக்கால் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வந்தவர். இந்தத் தொகுதியில் அவர் நிற்காத கல்யாண போட்டோ கிடையாது. காதுகுத்து, சடங்கு, கிடாவெட்டு, எல்லா ஆல்பத்திலும் அதே சிரிப்பு. ரோடு வராது, சாக்கடை நிரம்பி வழியும், ஆனால் சாவு வீட்டுக்கு அண்ணன் வந்துவிடுவார். "பாவி மனுசன், வந்துட்டாருல்ல" என்று அழுகிறவர்களே சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையில் சாக்கடை அடித்துக்கொண்டு போய்விடும்.

அவருக்கும் ஊருக்கும் நடுவில் ஓடியது என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டுமா, சாதிச் சான்றிதழ் வேண்டுமா, முதியோர் பென்ஷன் நின்றுவிட்டதா, எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தாலுகா ஆபீஸில் எந்த மேஜைக்கு எந்த ஆள், யார் லீவு, யார் மாற்றலாகிப் போனார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதைவிட அவருக்குப் பெருமை ஒன்று இருந்தது. ஓட்டுப் பதிவு அன்றைக்கு எங்கள் வார்டுப் பள்ளிக்கூடத்தில் முதல் ஓட்டு அவருடையதுதான். கதவு திறப்பதற்கு முன்பே போய் நிற்பார். மை வைத்த விரலை ஊருக்கே காட்டிவிட்டுப் பூத் ஏஜெண்டாக உள்ளே உட்காருவார். சாயந்திரம் வரைக்கும் வந்து போகிற எல்லாரிடமும் விரலைத் தூக்கிக் காட்டி, "நான் போட்டாச்சு, நீங்க?" என்பார். எங்கள் கல்யாணம் ஆன வருடத்திலிருந்து ஒரு தேர்தலும் இது தவறியதில்லை.

மாற்று வேட்பாளராக அவரை முதல் தடவை கூட்டிப் போனபோது வீட்டில் பாயசம் வைத்தேன், வெட்கக்கேடு. எனக்கு அப்போது விவரம் பத்தாது. பக்கத்தில் தராசுக் கடை வைத்திருக்கும் பாய்தான் விளக்கினார். பாய்க்குத் தெரியாத அரசியல் மதுரையில் இல்லை. "இந்தா பாரும்மா, நிஜமாவே நிக்கணும்னு ஆசைப்படுற ஆளை எவனும் மாற்றுக்குப் போட மாட்டான். அசல் மனுவுக்கே குழி பறிச்சுட்டா என்ன பண்றது? ஒதுங்கிக்கிருவான்னு நூத்துக்கு நூறு தெரிஞ்ச ஆளைத்தான் போடுவான். உம் புருசன் தங்கமான மனுசன். அதான் கூப்பிட்டிருக்காக."

தங்கமான மனுசன் என்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "கட்சியில நம்பிக்கையான ஆளுன்னு பேரு எடுக்குறது அம்புட்டு லேசா?" என்றார்.

கடைசியாக வந்த தேர்தலுக்கு முன்னால் காற்று மாறியது. அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஊருக்கு மேற்கே, சோழவந்தான் ரோட்டில் தென்னந்தோப்புக்குள் பெரிய வீடாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஆளைப் பார்க்கவே முடிவதில்லை. சாவு வீட்டுக்கு மகனை அனுப்ப ஆரம்பித்தார், அதை மட்டும் ஜனங்கள் மன்னிக்கவில்லை. தலைமையிலிருந்து சர்வே எடுக்க வந்த பையன்கள் தெருத் தெருவாகக் கேட்டார்கள். எங்கள் கடைக்கும் வந்தார்கள். நான் யார் சம்சாரம் என்று தெரியாமலேயே, "இந்தத் தொகுதிக்கு யாரைப் போட்டா நல்லா இருக்கும்?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சுமை தூக்குகிற ஆள் ஒருத்தர் மூட்டையை இறக்கிவிட்டு என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். தராசுக் கடையிலும் அதையே சொன்னார்கள். பழக்கடை வரிசையிலும் அதையே சொன்னார்களாம்.

அன்றைக்குத்தான் சனியன் என்னையும் பிடித்தது. அதுவரை கட்சி என்றால் எனக்கு அவர் கட்டியிருந்த இரண்டாவது குடும்பம் மாதிரி. அன்றைக்குக் கடையைச் சாத்தும்போது, ஓட்டு மெஷினில் அவர் பெயரும் போட்டோவும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. சீ, இந்த வயதில் என்ன இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் ஆசை போகவில்லை. மனுஷன் இத்தனை வருடம் ஓடியிருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் பெயர் அதில் வரட்டும். ஜெயிப்பது தோற்பது அப்புறம். பெயர் வந்தால் போதும்.

அவரும் முதல் முறையாகத் தன் பெயருக்கே விருப்ப மனு கொடுத்தார். அதற்கு முன்பெல்லாம் அண்ணன்தான் நிற்க வேண்டும் என்று அண்ணன் பெயருக்குப் பணம் கட்டி விருப்ப மனு கொடுப்பார். எங்கள் பக்கத்துக் கட்சிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், அதுதான் விசுவாசம். இந்தத் தடவை போட்டோ எடுக்கப் போகிறேன் என்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். காலரை இரண்டு தடவை தேய்த்தேன்.

நேர்காணலுக்குச் சென்னைக்கு நானும் போனேன். கட்சி ஆபீஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். ஒரு தொகுதிக்கு மனுக் கொடுத்த அத்தனை பேரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டு வரிசையாக உட்கார வைத்துக் கேட்பார்களாம். அண்ணனும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்தார். நான் வெளியே வேப்பமரத்தடியில், தெரியாத ஊர்ப் பெண்களோடு நின்றேன். எல்லார் புருஷனும் வெள்ளைச் சட்டைதான்.

உள்ளே நடந்ததை அவர் ரயிலில் சொன்னார். எவ்வளவு செலவு செய்வாய், உன் ஆட்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக எல்லாரிடமும் ஒரே கேள்வி. "உங்களுக்குச் சீட் கிடைக்கலேன்னா என்ன செய்வீங்க?" அந்தக் கேள்விக்கு எல்லாரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து பாடமாகி ஊறிப்போன பதில். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "யாரை நிறுத்தினாலும் உசுரைக் குடுத்து வேலை பார்ப்பேங்க."

தலைவர் தலையை ஆட்டினாராம். "ரொம்ப மகிழ்ச்சி" என்றாராம்.

"அண்ணன் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவரு எந்திரிக்கல. உக்காந்துக்கிட்டே சிரிச்சாரு. 'என்ன செய்வேன்னு எனக்கே தெரியலைங்க'ன்னாரு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். எல்லாரும் சிரிச்சாக."

ரயில் திண்டுக்கல் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவர் நல்ல பதில் சொல்லிவிட்ட நிம்மதியில் தூங்கிவிட்டார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இருபது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். கடைக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருத்தர் என்ன ஆனாலும் நம்மிடம்தான் வாங்குவார். இன்னொருத்தர் முகம் சுளித்தால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார், போகிற போக்கில் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போவார். நல்ல சாக்கை நான் யாருக்கு எடுத்துக் கொடுப்பேன்? நம்ம ஆள் நிற்கட்டும், எங்கே போய்விடப் போகிறார் என்றுதான் எந்தக் கடைக்காரரும் நினைப்பார். அண்ணனுக்குச் சீட் இல்லையென்றால் சுயேச்சையாக நிற்பார், இல்லை எதிர்க்கட்சிக்குப் போவார், இல்லை தோப்பு வீட்டில் சும்மா படுத்துக்கொண்டே கட்சியைத் தோற்கடிப்பார். பூத்துக்குப் பூத் இருப்பது கட்சி ஆள் இல்லை, அவர் ஆள். என் வீட்டுக்காரருக்குச் சீட் இல்லையென்றால்? உயிரைக் கொடுத்து வேலை பார்ப்பார். அதைத்தான் அவரே எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டாரே.

அவரை எழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தேன். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

டி.வி.யில் பட்டியல் வந்தது. அண்ணன் பெயர். தெருமுனையில் வெடிச் சத்தம் கேட்டது. பாய் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "நசீபும்மா, தலையெழுத்து. அந்தச் சீட்டு அவரு கண்ணை மூடி மௌத்தானாத்தான் காலியாகும். அப்பவும் மகன் இருக்கான்" என்றார். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. தொட்டால் தொட்டது தெரிகிறது, வலி இல்லை.

மறுநாள் காலையில் அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அதுதான் அவருடைய சாமர்த்தியம். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, சமையலறை வாசலில் நின்று, "என்ன தாயி, இட்லி இருக்கா?" என்றார். சாப்பிட்டார். சட்னி நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு என் வீட்டுக்காரர் தோளில் கையைப் போட்டார்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாத. இதுதான் எனக்குக் கடைசி. மாற்று மனுவுக்கு நீதான் வரணும். வேற எவனையும் நான் நம்ப மாட்டேன்."

"வாரேண்ணே" என்றார் இவர்.

எனக்குக் கையில் இருந்த கரண்டியை எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. வந்தவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை. இத்தனை தேர்தலாக ஒரே ஆள் நிற்பதால், போன முறை மனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்த முறை மனுவை எழுதுவது அண்ணன் வீட்டு வழக்கம். தேதியும் வயதும்தான் மாறும். எதையும் மாற்றியே பழகாத ஆட்கள். ஆனால் நடுவில் ஒன்று மாறியிருந்தது. தோப்பு வீட்டுக்குக் குடி போன பிறகு மகன் எல்லார் ஓட்டையும் அங்கே மாற்றிவிட்டான். அது வேறு தொகுதி. வேறு தொகுதி வாக்காளர் இங்கே நிற்கலாம், தடை இல்லை. ஆனால் அங்கே ஓட்டு இருக்கிறது என்பதற்கு அந்தத் தொகுதி அதிகாரி கையெழுத்துப் போட்ட நகல் வைக்க வேண்டும். அதை ஒருத்தரும் வைக்கவில்லை. எந்த மேடையிலும் "நான் இந்த மண்ணின் மைந்தன்" என்று ஆரம்பிக்கிறவருக்கு இந்த மண்ணில் ஓட்டே இல்லை என்பது அங்கிருந்த யாருக்கும் நினைவில்லை.

மனுப் பரிசீலனை அன்று எதிர்க்கட்சி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி மூன்று மணி வரை நேரம் கொடுத்தார். அதற்குள் நகல் வரவில்லையென்றால் மனு தள்ளுபடி, மாற்று வேட்பாளர்தான் கட்சி வேட்பாளர்.

எனக்குக் கடைக்குப் போன் வந்தது. எங்கள் வட்டச் செயலாளர், என் வீட்டுக்காரரை ஒரு நாளும் மதித்துப் பேசாதவர். "அக்கா, ஸ்வீட் வாங்கி வைங்கக்கா! உங்க வீட்டு அண்ணே வேட்பாளர் ஆயிருவாரு போலக்கா!" என்றார். அக்காவாம். அதுவரை நான் அவருக்குச் சாக்குக் கடைக்காரம்மாதான். மனுப் பரிசீலனை நடந்த ஆபீஸில் அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு யாரோ ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார்களாம். யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்களாம். நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கயிறு நழுவிக் கீழே விழுந்தது.

ஆனால் அண்ணன் நிதானம் இழக்காதவர். கூட்டத்தில் கார் வைத்திருக்கிற அத்தனை பேரையும் விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "அந்தத் தாலுகா ஆபீஸ்ல உனக்குத்தான் ஆளு தெரியும். நீயே போயிட்டு வந்துரு தம்பி" என்றார். நகல் வராவிட்டால் யாருக்கு லாபமோ, அந்த ஆளையே நகல் எடுக்க அனுப்பினார். இவரும் தன் பழைய டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போய், தெரிந்த ஆளைப் பிடித்து, கையெழுத்து வாங்கி, நகலை எடுத்தும் விட்டார்.

திரும்பி வருகிற வழியில் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் குடிக்கத்தான் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் சொல்கிறார். சட்டையெல்லாம் வியர்வை. தோள் பையைக் கையால் அணைத்துப் பிடித்திருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

சொம்பு நிறையக் கொடுத்தேன். "உக்காருங்க" என்றேன்.

"நேரம் இல்ல புள்ள. மூணு மணிக்குள்ள கொண்டு போகணும்."

"அதனாலதான் சொல்றேன். உக்காருங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். புரிந்துவிட்டது. சாக்குக் கட்டின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். வெளியே டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் குட்டி யானை லாரியும் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டு ஹாரன் அடித்தன.

"சிம்மக்கல்லுல டிராபிக்ல மாட்டிக்கிட்டேன்னு சொன்னா எவன் ஏன்னு கேப்பான்?" என்றேன்.

"எவனும் கேக்க மாட்டான்."

"அப்புறம் என்ன? நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா உக்காருங்க, அது போதும். நம்ம பேரு ஒரு தடவையாச்சும் அந்த மெஷின்ல வரட்டும்ங்க."

நம்ம பேரு என்றுதான் சொன்னேன். கட்டின நாளிலிருந்து அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. நகை கேட்டதில்லை, ஊருக்குக் கூட்டிப் போகச் சொன்னதில்லை. இதைக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவர் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அவர் அப்படியே உட்கார்ந்துவிடுவார் என்று ஒரு நிமிடம் நிஜமாகவே நம்பினேன். உட்காரத்தான் நினைத்தார், அது எனக்குத் தெரியும். தோள்கள் தளர்ந்து, முதுகு சாக்கில் சாய்ந்துவிட்டது. பிறகு எழுந்தார்.

"கேக்க மாட்டாங்கன்னுதான் பயமா இருக்கு. எவனும் கேக்க மாட்டான்னு தெரிஞ்சுதான என்னைய அனுப்பிருக்காரு. அம்புட்டு நம்பிக்கை" என்றார்.

"போய்த் தொலைங்க!" என்று கத்தினேன். தராசுக் கடையிலிருந்து பாய் எட்டிப் பார்த்தார். வண்டி இரண்டு உதைக்குப் பிறகு கிளம்பியது. போய்விட்டார்.

அண்ணன் மனு ஏற்கப்பட்டது. இவர் மனு தள்ளுபடி. நாற்காலியை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று தெரியவில்லை. சாயந்திரம் ஒரு சால்வையோடு வீட்டுக்கு வந்து, அதை மடித்து, பீரோவில் மற்ற சால்வைகளின் மேல் வைத்தார். நான் சோறு போட்டேன். சண்டை போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வட்டச் செயலாளருக்கு மறுபடி நான் சாக்குக் கடைக்காரம்மா ஆனேன்.

பிறகு பிரசாரம். உயிரைக் கொடுத்து வேலை பார்ப்பேன் என்றவர் அப்படியேதான் பார்த்தார். திறந்த ஜீப்பில் அண்ணன் கும்பிட்டுக்கொண்டே வர, முன்னால் நடந்து போவது இவர். எங்கள் கடை வாசலுக்கும் வந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

ஓட்டுப் பதிவு அன்று நான் மதியம் போனேன். பூத்துக்குள் ஏஜெண்டுகளின் பெஞ்சில் இவர் உட்கார்ந்திருந்தார். என் பெயரை அதிகாரி வாசித்ததும் பட்டியலில் கோடு போட்டார். தலையைத் தூக்கவில்லை. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மெஷினைப் பார்த்தேன். இருக்காது என்று தெரியும். ஆனாலும் மேலிருந்து கீழே நோட்டா வரைக்கும் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். படித்து முடித்த பிறகு விரல் தானாகப் போய்ப் பழைய சின்னத்தையே அழுத்தியது. அழுத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. கட்சியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும்தான் மாற்றவில்லை.

மெஷினுக்குச் சீல் வைத்து, பெட்டியை ஏற்றி அனுப்பிவிட்டு அவர் வீட்டுக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தட்டைப் போட்டேன். இரண்டு கவளம் சாப்பிட்டிருப்பார், போன் அடித்தது. வலது கையில் சோறு. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். அண்ணன் குரல் எப்போதும் கணீர் என்று இருக்கும், எனக்கே கேட்டது.

"நம்ம ஆளுக எல்லாரும் போட்டாச்சா தம்பி?"

நான் ரசக் கரண்டியோடு நின்றேன். போனைப் பிடித்திருந்த இடது கை என் முகத்துக்கு நேராக இருந்தது. ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நகத்தைப் பார்த்தேன். காலை ஏழு மணியிலிருந்து சாயந்திரம் வரைக்கும் அந்தப் பெட்டிக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனின் விரலில் மை இல்லை.

"எல்லாரும் போட்டாச்சுண்ணே" என்றார் அவர்.